பணிநேரத்திற்கு அப்பால்

பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கர், பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவிடம் தலைமைத் துபாஷியாக விளங்கியவர், பெருவணிகர். மொழிபெயர்ப்பதும் வணிகம் நடத்துவதும் அவருடைய தொழில்கள். நாட்குறிப்பு எழுதுவது அவற்றுள் அடங்காது. எனினும் 1736 முதல் 1761 வரை, தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் தமிழில் எழுதிவைத்தார். அவர் நடத்திய வணிகம் மறைந்துவிட்டது. அந்நாட்குறிப்போ தென்னிந்திய வரலாற்றின் முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாக நிலைத்துவிட்டது. தொழில் ஒருவருக்கு வாழ்வளிக்கிறது. விருப்பத்தால் செய்த பணியோ சில வேளைகளில் அவருக்குப் பின்னும் வாழ்கிறது.

இவ்வுண்மை கணினி நிரலாக்கத்திற்கும் பொருந்தும். நிரலாக்கம் என்றதும் வேலையும் ஊதியமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்நோக்கம் தவறன்று. ஆயினும், அதனை விருப்பக் கலையாகவும் பழகுதல் வேண்டும் என்பதே என் கருத்து. 1989ஆம் ஆண்டுக் கிறித்துமசு விடுமுறையில் கைடோ வான் ரோசம் பொழுதுபோக்காகத் தொடங்கிய முயற்சியே பைத்தான் மொழியாயிற்று. 1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவரான லினசு டோர்வால்ட்சு தம் ஆர்வத்தால் எழுதத் தொடங்கியதே லினக்சு.

கணினித்தமிழின் வரலாறும் இத்தகையதே. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் ஒரு வேதியியல் அறிஞர். அவர் ‘மயிலை’ என்னும் தமிழ் எழுத்துருவை உருவாக்கினார். 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்தும் பிழைதிருத்தியும் இணையத்தில் இலவசமாக வழங்கினர். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி சிறுகதை ஆசிரியர். ஆசிரியப் பணி செய்தவர். தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளுள் அவரும் ஒருவர்.

அவர்களோடு பணி முடிந்துவிட்டதா? ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். ‘புதுவை’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் எனப் பைத்தானிடம் வினவினால், ஆறு என விடை வரும். உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்ளும் நம் மரபுப்படி அதில் மூன்று எழுத்துகளே உள்ளன. ஒருங்குறி முறை ‘பு’ என்பதைப் பகரமாகவும் உகரக் குறியாகவும் இரு எண்களில் பதிவு செய்வதே இதற்குக் காரணம். அச்சொல்லை அப்படியே தலைகீழாக்கினால் குறிகள் இடம்மாறி எழுத்துகள் சிதையும். குறியை அதற்கு முன்னுள்ள எழுத்தோடு சேர்த்து எண்ணுமாறு நிரல் எழுதினால் பிழை நீங்கும். ‘ஓப்பன் தமிழ்’ என்னும் கட்டற்ற நிரல்தொகுப்பு இவ்வாறு எழுத்துகளைப் பிரித்துத் தருகிறது. பதினொன்றாம் வகுப்பு மாணவரும் இதனைத் தாமே எழுதிப் பார்க்க இயலும். இலக்கண அறிவும் நிரலறிவும் இங்கே ஒன்றுக்கொன்று துணையாகின்றன.

‘தேர்வுக்குப் படிக்கும் காலத்தில் இவையெல்லாம் வீண்வேலை’ எனப் பெற்றோர் கவலையுறலாம். அக்கவலை நியாயமானதே, கணினியே இல்லாத வீடுகளும் பல. எனவே, பள்ளிக் கணினி ஆய்வகம் பாடவேளைக்குப் பின்னரும் வாரத்தில் சிறிது நேரமேனும் திறந்திருத்தல் நன்று. தன்னார்வலர் உழைப்பைக் காரணம் காட்டி அரசும் நிறுவனங்களும் தம் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளுதலும் தகாது. விருப்பப்பணி, கடமைக்கு மாற்றாகாது. ஆனால், மதிப்பெண்ணுக்காக மட்டும் கற்றவர் வினாத்தாள் கேட்டதற்கே விடை தேடுவார். விரும்பிக் கற்றவர் எவரும் கேளாத வினாவையும் எழுப்புவார்.

அத்தகைய வினாக்கள் நம் ஊரிலேயே காத்திருக்கின்றன. 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஓலைச்சுவடிகள் பேணப்படுகின்றன. புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. படமாக்கப்படும் ஓர் ஏட்டின் எழுத்துகளைக் கணினி படிக்க வேண்டுமாயின், பழைய எழுத்துமுறையை அறிந்தவரும் நிரல் எழுத வல்லவரும் சேர்ந்து உழைக்க வேண்டும். அவ்விரு திறனும் ஒருவரிடமே அமையுமானால் இன்னும் சிறப்பு. அதற்கான பயிற்சியை வேலை கிடைக்கும்வரை தள்ளிப்போட வேண்டியதில்லை. ‘புதுவை’ என்னும் மூன்றெழுத்துச் சொல்லிலிருந்தே தொடங்கலாம்.