மயன் கட்டாத நகரங்கள்

தமிழ்ப் பெருமை பேசும் மேடைகளிலும் யூடியூப் காணொளிகளிலும் சளைக்காமல் சுற்றிவரும் கதை ஒன்று உண்டு. மெக்சிகோவிலும் குவாதமாலாவிலும் மாயா நாகரிகத்தை நிறுவியவர்கள் கடல் கடந்துபோன தமிழர்களாம். அசுரர்களின் தச்சன் மயன்தான் அங்கே மாயாவாம். அஸ்டெக், இன்கா மக்களையும் போகிறபோக்கில் இந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

1940இல் சமன் லால் எழுதிய 'இந்து அமெரிக்கா' இப்படிப்பட்ட எண்ணங்களுக்கு உரம் போட்டது. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை எழுப்பிய கணபதி ஸ்தபதியும் மாயாக் கட்டடங்களை மயன் மரபோடு இணைத்துப் பேசினார். அவருடைய கைத்திறன் பெரிது. அதற்காக வரலாற்றுக் கணிப்பும் சரியாகிவிடாது.

தமிழன் கடல் கடந்தானா? கடந்தான், ஐயமே இல்லை. போன இடங்களில் தடயமும் விட்டிருக்கிறான். காரைக்காலையே எடுத்துக்கொள்வோம். ஆனிப் பௌர்ணமியில் பிட்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் இறைக்கிறார்களே, அந்த விழாவின் நாயகி கம்போடியா வரை போயிருக்கிறார். 967இல் எழுந்த பந்தேஸ்ரீ கோயிலின் முகப்புச் சிற்பத்தில், ஆடும் சிவனின் காலடியில், வற்றிய மார்பும் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருப்பவர் காரைக்கால் அம்மையார் என்றே அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். சுமத்ராவின் பாருஸ் அருகே ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088இல் வைத்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுக் கல்வெட்டு. எகிப்தின் செங்கடல் துறைகளில் தமிழ்ப் பிராமி கீறிய பானை ஓடுகள்.

அமெரிக்காவில்? ஒரு தமிழ் எழுத்துகூடக் கிடையாது.

எழுத்தை விடுங்கள். ஒரு நாகரிகத்தையே நிறுவப் போனவர்கள் நெல்லையும் மாட்டையும் இரும்பையும் மறந்தா போயிருப்பார்கள்? மாயாக் கல்தச்சர்களிடம் இரும்பு உளி இல்லை. கல்லைக் கல்லால்தான் செதுக்கினார்கள். வண்டி இழுக்க மாடில்லை, குதிரையில்லை. பழைய மெக்சிகோவில் சக்கரம் சுடுமண் பொம்மைகளில் மட்டுமே உருண்டது. திரும்பி வந்தவர்களும் எதையும் கொண்டுவரவில்லை. இன்று காரைக்கால் மீன் குழம்பில் கொதிக்கும் மிளகாயும் தக்காளியும் அமெரிக்க மண்ணில் பிறந்தவை. சங்கப் பாடல்களில் மிளகு மணக்கிறது, மிளகாயைக் காணோம். அது போர்ச்சுக்கீசியரோடு 16ஆம் நூற்றாண்டில்தான் இங்கே வந்தது.

கோபுரமும் பிரமிடும் ஒரே சாயல் என்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் சாயல் கலைந்துவிடும். 1010இல் முடிந்த தஞ்சை விமானம் உட்கூடானது. கருவறை கீழே இருக்கிறது. மாயா நகரமான திக்காலில் உள்ள பிரமிடுகளின் வயிறு கல்லும் மண்ணும் நிரம்பியது. வெளிப்புறச் செங்குத்துப் படிகளில் ஏறித்தான் உச்சியிலுள்ள கோயிலை அடைய வேண்டும். இன்னொரு மாயா நகரமான பலெங்கேயில் ஒரு பிரமிடுக்கு அடியில் 1952இல் வெளிப்பட்டது, 683இல் இறந்த பகால் என்ற அரசனின் கல்லறை. தஞ்சை விமானம் எந்த அரசனுக்கும் கல்லறையாக எழுந்ததல்ல.

அந்த அமெரிக்க மக்கள் யாரிடமும் கடன் வாங்கவில்லை. மெக்சிகோவில் ஒரு காட்டுப் புல்லிலிருந்து மக்காச்சோளத்தை உருவாக்கும் வேலை சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. தபாஸ்கோ மாநிலத்து அகுவாதா பெனிக்சில் 1,400 மீட்டர் நீள மேடையை மாயா மக்கள் கி.மு. 1000க்கும் 800க்கும் இடையில் எழுப்பினார்கள். இருபதை அடியாக வைத்து எண்ணினார்கள், சுழியத்துக்குத் தனிக் குறி வைத்திருந்தார்கள். 1952இல் ரஷ்ய அறிஞர் யூரி குனோரசவ் திறந்துவிட்ட வழியில் அவர்களுடைய எழுத்து வாசிக்கப்பட்டபோது, கல்வெட்டுகள் பேசியது மாயா மொழியைத்தான்.

மாயா நகரங்களைக் கண்ட ஐரோப்பியர் பலர் எகிப்தியர் கட்டினர், பினீசியர் கட்டினர், இஸ்ரவேலின் தொலைந்த குலத்தார் கட்டினர் என்றெல்லாம் சொன்னார்கள். காட்டில் வாழும் இந்த மக்களால் முடியுமா என்ற ஏளனம்தான் அதற்கு வேர். பினீசியரை எடுத்துவிட்டுத் தமிழரைப் போட்டால் ஏளனம் மறைந்துவிடுமா? தஞ்சைக் கோயிலை எகிப்தியர் கட்டினார்கள் என்று யாராவது சொன்னால் நாம் சும்மா இருப்போமா?

அந்த மக்கள் அழிந்தும் போகவில்லை. இன்காக்களின் கெச்சுவா மொழியை இன்றும் ஆண்டீஸ் மலை நாடுகளில் பல லட்சம் பேர் பேசுகிறார்கள். 1992இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ரிகொபெர்தா மென்சூ, குவாதமாலாவின் கிச்சே மாயாப் பெண்மணி. உங்கள் பாட்டன் கட்டியதை எங்கள் பாட்டன்தான் கட்டினான் என்று அவர் எதிரில் நின்று சொல்லும் துணிவு நம் மேடைப் பேச்சாளர்களில் யாருக்கு இருக்கிறது?