மரணத்துக்கு முன்பே எழுதுங்கள்

ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று இறந்தார். மறுநாள் முதல் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழக வாசலில் தொலைக்காட்சி வண்டிகள் வரிசைகட்டி நின்றன. ஆனால் அந்தச் செய்தி ஜனவரியில் பிறக்கவில்லை. 2015 ஆகஸ்டில் அம்பேத்கர் மாணவர் சங்கத்துக்கும் ஏபிவிபிக்கும் நடந்த மோதல், ஒன்றிய அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்துக்கு எழுதிய கடிதம், அமைச்சகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு அடுத்தடுத்து வந்த நினைவூட்டல்கள், ஐந்து தலித் ஆய்வாளர்களை விடுதியிலிருந்து வெளியேற்றிய ஆணை, ரோகித்துக்கு ஏழு மாதமாக வராத உதவித்தொகை என்று எல்லாமே காகிதத்தில் இருந்தன. ஒவ்வொரு காகிதத்திலும் தேதி இருந்தது, கையெழுத்து இருந்தது. ஐந்து மாதம் அவை வெறும் கோப்பு. ஒருவர் இறந்த பிறகுதான் அவை செய்தி.

இந்த வரிசையைத் திருப்பிப் போடுவதுதான் மாணவப் பத்திரிகையாளரின் வேலை என்கிறேன். கோப்பாக இருக்கும்போதே அதைச் செய்தியாக்க வேண்டும்.

அதை வெளியே இருக்கும் ஊடகங்கள் செய்யும் என்று காத்திருப்பதில் பயனில்லை. 2006இல் டெல்லி ஊடகங்களின் முடிவெடுக்கும் பதவிகளில் இருந்த 315 பேரைக் கணக்கெடுத்தபோது ஒரு தலித் இல்லை, ஒரு பழங்குடியினர் இல்லை. 2019இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் 121 தலைமைப் பதவிகளைப் பார்த்தபோது 106 இடங்களில் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அப்போதும் பூஜ்யம். இடையில் பதின்மூன்று ஆண்டுகள் ஓடியிருந்தன. விடுதி உணவகத்தில் யார் எந்த மேசையில் உட்காருகிறார்கள் என்பது இந்த அறைகளுக்கு எப்படித் தெரியும்? அது அந்த விடுதியில் சாப்பிடுகிறவருக்குத்தான் தெரியும்.

2016 மார்ச் 22ஐ நினைத்துப் பாருங்கள். துணைவேந்தர் அப்பா ராவ் பணிக்குத் திரும்பிய அன்று வளாகத்தில் போலீஸ் தடியடி நடந்தது. மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் கைது செய்யப்பட்டார்கள். விடுதி உணவகங்கள் மூடப்பட்டன. தண்ணீரும் இணையமும் துண்டிக்கப்பட்டதாக மாணவர்கள் சொன்னார்கள். வெளி ஊடகங்கள் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. அந்த நாட்களில் உள்ளே நடந்ததை வெளியே கொண்டுவந்தவர்கள் கைப்பேசி வைத்திருந்த மாணவர்கள். அவர்களிடம் அடையாள அட்டை இல்லை, ஆசிரியர் குழு இல்லை. நாட்டுக்குச் செய்தி கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

ஆனால் நம் பல்கலைக்கழகங்கள் ‘மாணவர் இதழ்’ என்று எதை வைத்திருக்கின்றன? இதழியல் துறை மாணவர்கள் மதிப்பெண்ணுக்காகக் கொண்டுவரும் பயிற்சி இதழ். அதன் ஆசிரியர் துறைத் தலைவர். அவருக்கு மேலே பதிவாளர். நான் ஆய்வு செய்யும் பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே எழுத முடியாது. என் ஆய்வேட்டில் இன்னும் சில கையெழுத்துகள் விழ வேண்டியிருக்கிறது. அங்கே இரண்டு முதுகலை மாணவிகள், ஆதிதிராவிட மாணவர்களுக்கு உதவித்தொகை தாமதமாவதைப் பற்றி எட்டுப் பேரிடம் பேசி, வங்கிக் கணக்குப் புத்தகங்களைப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அச்சில் வந்தபோது அந்தப் பக்கத்தில் பட்டமளிப்பு விழாப் படங்கள் இருந்தன. காரணம் கேட்டதற்கு, “கட்டுரை ஒரு பக்கமாக இருக்கிறது, நடுநிலை இல்லை” என்று பதில் வந்தது.

இந்த நடுநிலை என்ற சொல்லை விசாரிக்காமல் விடக்கூடாது. நிர்வாகத்திடம் விளக்கம் கேட்பது, அதை வெட்டாமல் போடுவது, சொன்னதைச் சரிபார்ப்பது எல்லாம் நேர்மை. அதை ஒருநாளும் விடக்கூடாது. ஆனால் உதவித்தொகையை நிறுத்திவைக்கும் அதிகாரம் உள்ளவரையும், அது வராததால் உணவகப் பாக்கியைக் கட்ட முடியாமல் நிற்பவரையும் ஒரே தராசில் வைத்து, ‘இரு தரப்பிலும் வாதங்கள் உள்ளன’ என்று முடிப்பது நிர்வாகத்தின் பத்திரிகைச் செய்தியை வேறு எழுத்துருவில் அச்சடிப்பது. சாதி இருக்கும் வளாகத்தில் சாதியைப் பற்றி எழுதாத இதழை நடுநிலை இதழ் என்று ஒப்புக்கொள்ள முடியாது. அது ஒரு தரப்பின் இதழ்.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம், தோழர்களே. நம்மிடம் கருத்துக்குப் பஞ்சமில்லை. செய்திக்குத்தான் பஞ்சம். ஓர் அநீதி நடந்தால் ஒரு மணி நேரத்தில் சுவரொட்டி தயார், மாலைக்குள் ரீல்ஸ் தயார். அந்தத் துறையில் இடஒதுக்கீட்டுக்கான உதவிப் பேராசிரியர் இடங்கள் எத்தனை, நிரப்பியது எத்தனை, ‘தகுதியானவர் கிடைக்கவில்லை’ என்று ஒதுக்கியது எத்தனை என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோரிடம் பதில் இல்லை. ஒன்றிய அரசின் நிறுவனமாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க 10 ரூபாய் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம்; மறுத்ததும் செய்திதான். 2012ஆம் ஆண்டின் யுஜிசி விதிமுறைகள் சமவாய்ப்புப் பிரிவும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் வேண்டும் என்றன. உங்கள் வளாகத்தில் அந்த அலுவலர் யார், அவர் அறை எங்கே, வந்த புகார்கள் எத்தனை என்று யாராவது எழுதியிருக்கிறோமா?

2007இல் எய்ம்ஸ் பற்றி அறிக்கை தந்த தோரட் குழு பெரிய மர்மம் எதையும் துப்பறியவில்லை. மாணவர்களிடம் உட்கார்ந்து கேட்டது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் விடுதியில் எந்தத் தளங்களுக்குத் தள்ளப்படுகிறார்கள், உணவகத்திலும் விளையாட்டிலும் எப்படி ஒதுக்கப்படுகிறார்கள் என்று பதிவு செய்தது. அறை எண்களையும் மேசைகளையும் கவனிப்பது ஒரு மாணவ நிருபரால் ஆகாத காரியமா?

2023 பிப்ரவரி 12 அன்று ஐஐடி பம்பாயில் முதலாமாண்டு மாணவர் தர்ஷன் சோலங்கி இறந்தார். குடும்பத்தினர் சாதிப் பாகுபாடு என்றார்கள். நிறுவனத்தின் உள்விசாரணைக் குழு, அதற்குக் குறிப்பான ஆதாரம் இல்லை என்றது. படிப்பில் பின்தங்கியதைச் சாத்தியமான காரணமாகக் காட்டியது. ‘ஆதாரம் இல்லை’ என்ற வாக்கியம் எப்போது சுலபமாகிறது? உயிரோடு இருக்கும்போது யாரும் பதிவு செய்யாதபோது. முதல் வாரத்தில் நுழைவுத் தேர்வு ரேங்க்கைக் கேட்டுச் சாதியை எடைபோடும் பழக்கத்தைத் தேதியோடு, சாட்சியோடு எழுதிவைக்கும் இதழ் ஒவ்வொரு வளாகத்திலும் இருந்தால் அந்த வாக்கியத்தை எழுதக் கை கொஞ்சம் தயங்கும்.

பொறுப்பும் உண்டு. புகார் சொன்னவர் சம்மதிக்காமல் அவரை அடையாளம் காட்டாதீர்கள். பெயரை மறைத்துவிட்டுத் துறையையும் ஊரையும் போட்டால் அது மறைத்ததாகாது. தற்கொலையை எழுதும்போது முறையை விவரிக்காதீர்கள். பிரஸ் கவுன்சில் 2019இல் இதற்கு வழிகாட்டுதல் தந்திருக்கிறது. இறந்தவரின் மதிப்பெண் பட்டியலை யாராவது கசியவிட்டால், அதை யார், ஏன் கசியவிட்டார்கள் என்பதை முதலில் தேடுங்கள். நம் அமைப்பில் இருக்கும் தோழர்மீது பாலியல் புகார் வந்தால் அதையும் எழுதுங்கள். ‘எதிரிகளுக்குப் பயன்படும்’ என்று அமுக்குவது, பதிவாளர் சொல்லும் ‘நிறுவனத்தின் நற்பெயர்’ என்பதன் தமிழாக்கம்தான்.

பயம் நியாயமானது என்று எனக்குத் தெரியும். ஜேஎன்யுவின் 2023 விதிக் கையேடு போராட்டத்துக்கு 20,000 ரூபாய் வரை அபராதம் என்றது. 2015 மே மாதம் ஐஐடி மெட்ராஸில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்ய ஒரு மொட்டைக் கடிதம் போதுமானதாக இருந்தது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பிய பிறகு ஜூனில் அங்கீகாரம் திரும்பியது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த ஒருவரிடம் ‘துணிந்து பெயர் போட்டு எழுது’ என்று மேடையில் முழங்குவது வீரமல்ல, அயோக்கியத்தனம். ஆபத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். கட்டுரையைக் கூட்டுப் பெயரில் போடுங்கள். வெளியீட்டாளராக வளாகத்தை விட்டு வெளியேறிய பழைய மாணவர் இருக்கட்டும். சாதியால் பாதுகாப்புப் பெற்ற முற்போக்கு நண்பர்கள் அச்சுச் செலவையும் ஒழுங்கு நடவடிக்கைக் கடிதங்களையும் சுமக்கட்டும். எது செய்தி என்ற முடிவை மட்டும் தங்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டாம். இயக்கங்களும் இணையதளங்களும் மாணவர்களின் கட்டுரைக்குப் பணமும், வழக்கு வந்தால் வழக்கறிஞரும் தர வேண்டும்.

இது நமக்குப் புதிதுமல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசா தமிழன்’ தொடங்கினார். 1920 ஜனவரி 31 அன்று ‘மூக்நாயக்’ வந்தபோது அம்பேத்கருக்கு வயது 28. லண்டன் படிப்பு பாதியில் நின்றிருந்தது, அதைத் தொடரப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். காசு தருகிறோம் என்றும் அதன் விளம்பரத்தைப் போட ‘கேசரி’ மறுத்தது. பத்திரிகை நின்றுவிடவில்லை, வந்தது.

உங்கள் துறை அறிவிப்புப் பலகையில் இந்த வாரம் ஒட்டிய சுற்றறிக்கைகளைப் படம் எடுத்து வையுங்கள். விடுதியில் உதவித்தொகை வராதவர்களின் பட்டியலை அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள். அந்த 10 ரூபாய் மனுவை இந்த மாதமே அனுப்புங்கள். முதல் இதழுக்கு இது போதும்.