ஒரே ஒப்பந்தம், இரண்டு கோர்ட்டு!

ஈரோட்டு வியாபாரி ஒருவர் டெல்லி கம்பெனிக்குத் துணி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் வரவில்லை. பாக்கியைக் கேட்டு ஈரோட்டில் வழக்குப் போடுகிறார். அடுத்த மாதமே, "சரக்கு மட்டம், நஷ்டஈடு வேண்டும்" என்று கம்பெனி டெல்லியில் ஒரு வழக்குப் போடுகிறது. ஒப்பந்தம் ஒன்று, சரக்கு ஒன்று, சாட்சிகளும் அதே ஆட்கள். கோர்ட்டு மட்டும் இரண்டு!

சட்டமே இதற்கு இடம் தருகிறது. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 20-வது பிரிவின்படி, பிரதிவாதி தொழில் நடத்தும் ஊரில் வழக்குப் போடலாம். பிரச்சினையின் ஒரு பகுதி எழுந்த ஊரிலும் போடலாம்.

"அதற்குத்தான் 10-வது பிரிவு இருக்கிறதே" என்பார்கள். அதே தரப்பினர், அதே பிரச்சினை என்றால் பின்னால் போட்ட வழக்கின் விசாரணையை நிறுத்தி வைக்கச் சொல்லும் பிரிவு அது. ஆனால் ஒருவர் கேட்பது பாக்கி, மற்றவர் கேட்பது நஷ்டஈடு. இரண்டும் ஒரே பிரச்சினையா என்பதே தனிச் சண்டையாகிவிடும். நிறுத்தினால் ஒருவர் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நிறுத்தாவிட்டால் ஒரு கோர்ட்டு சரக்கு நல்லது என்றும், இன்னொன்று மட்டம் என்றும் சொல்லக்கூடும். யார் பேச்சைக் கேட்பது?

ஆகவே இரண்டையும் ஒரே கோர்ட்டுக்கு மாற்றுவதுதான் நியாயம். ஒரு மாநிலத்துக்குள் என்றால் 24-வது பிரிவு. மாநிலம் விட்டு மாநிலம் என்றால் 25-வது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றம். ஒரு சணல் ஆலைக்கும் சிமெண்ட் கம்பெனிக்கும் இடையே விசாகப்பட்டினத்தில் ஒன்று, ரேவாவில் ஒன்று என வழக்குகள் நடந்தபோது, இரண்டையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் சொன்னது.

எந்த ஊருக்கு மாற்றுவது? முதலில் போட்டவர் ஊருக்கே என்றால், ஓட்டப் பந்தயம்தான் நடக்கும். சரக்கு எங்கே, சாட்சிகள் எங்கே, அலையும் சக்தி யாருக்கு இல்லை என்று பார்ப்பதே சரி.

ஒப்பந்தத்திலேயே கோர்ட்டின் ஊர் எழுதியிருந்தால் நிலைமை வேறு. "மட்டும்" என்ற சொல் இல்லாவிட்டாலும் அந்த ஊர்தான் என்று 2013-இல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில் தீர்ப்பானது. படிக்காமல் கையெழுத்துப் போடுபவர்கள் கவனிக்க!

மாற்றக் கேட்பதையே இழுத்தடிக்கும் ஆயுதமாக்குகிறவர்களும் உண்டு. அற்பமான மனு என்று தெரிந்தால் 25-வது பிரிவின்படி எதிர்த்தரப்புக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம். எவ்வளவு? அதிகபட்சம் 2000 ரூபாய்! 1976 திருத்தத்தில் வந்த தொகை. இன்று டெல்லி போய்வர ரயில் செலவுக்கே அது பற்றாது. பெரிய கம்பெனிக்கு அது டீச்செலவு. சின்ன வியாபாரிக்கோ ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கடையடைப்பு. திருத்த வேண்டியது முதலில் அந்தத் தொகையைத்தான்.