ஓசியில் ஏற்றிய பாட்டும் ஒரு கணக்குப் பாடமும்

வங்கியில் ஆயிரம் ரூபாய் டெபாசிட் போட்டால், அது வங்கியின் இருப்புநிலைக் குறிப்பில் எந்தப் பக்கம் வரும்? பொறுப்புகள் பக்கம். பி.காம். படிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போட்டவர் கேட்டால் திருப்பித் தர வேண்டிய கடன் அது.

சரி, ஒருவர் தான் பாடிய பாட்டை ஓர் இலவச இணையதளத்தில் ஏற்றுகிறார். அது அந்தக் கம்பெனியின் கணக்கில் எந்தப் பக்கம் வரும்? எந்தப் பக்கமும் வராது! பாட்டைக் கேட்க வந்த கூட்டத்துக்குக் காட்டிய விளம்பரத்தின் வருமானம் மட்டும் வரும். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பம்.

மைஸ்பேஸ் கதையைப் பாருங்கள். 2003-ல் தொடங்கிய தளம். இசைக் கம்பெனிகளின் வாசலையே மிதிக்காத லட்சக்கணக்கானவர்கள் தங்கள் பாட்டுகளை அங்கே ஏற்றினார்கள். 2005-ல் ரூபர்ட் முர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷன் அதை 58 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த வருடமே கூகுள் 90 கோடி டாலர் விளம்பர ஒப்பந்தம் போட்டது. கூட்டத்தை இழுத்ததில் பாடியவர்களுக்குப் பெரும் பங்கு. காசு யாருக்கு?

பிறகு ஃபேஸ்புக் வந்தது, கூட்டம் கலைந்தது. 2011-ல் சுமார் 3.5 கோடி டாலருக்குத் தளம் கைமாறியது. கடைசியில் 2019 மார்ச்சில் குண்டு விழுந்தது. சர்வர் மாற்றும்போது பழைய கோப்புகள் போய்விட்டனவாம். 12 வருடத்துப் பாட்டுகள், 5 கோடிக்கு மேல், 1.4 கோடி கலைஞர்களுடையவை என்று செய்திகள் வந்தன. கம்பெனி வருத்தம் தெரிவித்தது. கூடவே, அவரவர் பேக்கப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னது. வீடு எரிந்த பிறகு தண்ணீர் வாளி வாங்கச் சொல்லும் அக்கறை!

மீண்டது எவ்வளவு? 4,90,000 பாட்டுகள். நூற்றுக்கு ஒன்று. அதுவும் கம்பெனி மீட்டதல்ல. 2008 முதல் 2010 வரை சில ஆய்வாளர்கள் தங்கள் ஆராய்ச்சிக்காகச் சேமித்து வைத்திருந்தது. இன்டர்நெட் ஆர்க்கைவ் அதை வெளியிட்டது.

பிளேயரைத் தன் பக்கத்தில் பதித்து வைத்தவர் கதி இன்னும் மோசம். அவர் பக்கத்தில் பாட்டே கிடையாது, இரண்டு வரி கோடு மட்டும்தான். பாட்டு இருப்பது அடுத்தவர் சர்வரில். 2009 டிசம்பரில் ஐமீம் தளத்தை இதே மைஸ்பேஸ் வாங்கி மூடியபோது, எங்கெங்கோ பதித்திருந்த ஐமீம் பிளேயர்கள் ஊமையாகின.

"ஓசியில் கொடுத்தவனிடம் நியாயம் கேட்கலாமா?" என்பார்கள். தாராளமாகக் கேட்கலாம். ஓசி என்பது கட்டணத்துக்குத்தான், லாபத்துக்கு அல்ல. அடுத்தவர் பாட்டைக் காட்டிச் சம்பாதிக்கிற கம்பெனி, கடையைக் கட்டும் முன் போதிய அவகாசம் தந்து, மொத்தப் பாட்டையும் இறக்கிக்கொள்ள வழி செய்ய வேண்டும். இது தயவு அல்ல, கடன். சட்டமே அப்படிச் சொல்ல வேண்டும்.

அந்தச் சட்டம் வரும் வரை? தளத்தில் இருப்பது விளம்பரப் பலகை. பெட்டகம் அல்ல. பாட்டின் மூலப் பிரதி பாடியவரின் சொந்த டிஸ்க்கில் ஒன்று, வேறு இடத்தில் இன்னொன்று இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவர், ரசீது வாங்காமல் பணம் கட்டியவர். கணக்கு முடிக்கும் நாளில் அவர் பெயர் எந்தப் பேரேட்டிலும் இருக்காது.