ஜார்ஜியா தேர்தலும் 35 டாலர் இன்சுலினும் (த்ரெட்)

1/ அட்லாண்டா பக்கம் சொந்தக்காரங்க, நண்பர்கள் இருக்கறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க மக்களே. 2022 டிசம்பர் 6 அன்று ஜார்ஜியாவில் செனட் தேர்தலின் இரண்டாம் சுற்று நடந்தது. அப்போ செனட்டரா இருந்த ரஃபேல் வார்னாக் மறுபடி ஜெயிக்கணும்னு ஒரு டாக்டரா நான் ஏன் நினைச்சேன்னு சொல்றேன்.

2/ ஏன் இரண்டாம் சுற்று? அந்த மாநிலச் சட்டப்படி பாதிக்கு மேல ஓட்டு வாங்கினாதான் வெற்றி. நவம்பர் 8 அன்று வார்னாக் 49.4%, எதிர்த்து நின்ற முன்னாள் அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் ஹெர்ஷல் வாக்கர் 48.5%. மூணாவது வேட்பாளர் 2% சொச்சம் பிரிச்சுட்டார். இரண்டு பேருக்கும் வித்தியாசம் 37 ஆயிரம் சொச்சம் ஓட்டுதான்.

3/ வார்னாக், மார்ட்டின் லூதர் கிங் போதகரா இருந்த எபினேசர் சர்ச்சின் போதகர். ஆனா நான் ஆதரிச்ச காரணம் அது இல்ல. இன்சுலின்.

4/ நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரில இன்சுலின் இலவசம். ஓபி சீட்டைக் காட்டி வாங்கிட்டுப் போறோம். அமெரிக்காவில் 2022-ல் பல பிராண்டுகளின் பட்டியல் விலை ஒரு குப்பிக்கே 250 டாலருக்கு மேல இருந்தது. இத்தனைக்கும் இன்சுலினைக் கண்டுபிடிச்சவங்க காப்புரிமையை ஆளுக்கு 1 டாலருக்கு டொரண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தாங்க!

5/ விலை கட்டுப்படியாகாதவங்க என்ன செய்வாங்க? டோஸைக் குறைச்சுப் போடுவாங்க. டைப் 1 நோயாளிக்கு அது கீட்டோ அசிடோசிஸ், ஐசியூ, சில நேரம் மரணம்.

6/ மாசத்துக்கு 35 டாலருக்கு மேல நோயாளி கட்டக் கூடாதுன்னு 2022 பிப்ரவரியில் மசோதா கொண்டுவந்தவர் வார்னாக். ஆகஸ்டில் நிறைவேறின பெரிய சட்டத்தில் அது மெடிகேர்ல இருக்கறவங்களுக்கு மட்டும் கிடைச்சது (மெடிகேர்னா முக்கியமா 65 வயசு தாண்டினவங்களுக்கான அரசு காப்பீடு). ஜனவரி 2023 முதல் அமல்.

7/ அந்தச் சட்டம் செனட்டில் எப்படி நிறைவேறுச்சு? 50-50 சமநிலை. அப்போதைய துணை ஜனாதிபதி கமலா ஹாரிஸ் ஓட்டுப் போட்டு 51-50. வார்னாக் சீட் எதிர்ப்பக்கம் இருந்திருந்தா சட்டமே இல்ல. ஒரு சீட்டுக்கு மதிப்பு இவ்வளவுதான்னு யாரும் சொல்லிட முடியாது.

8/ தனியார் காப்பீடு வச்சிருக்கறவங்களுக்கும் அதே வரம்பு வேணும்னு கேட்டப்போ 57 பேர் ஆதரவு. தேவை 60. மூணு ஓட்டில் போச்சு. அந்த வேலை இன்னும் பாக்கி.

9/ "35 டாலர்னா கம்பெனி விலையைக் குறைக்கலையே, மீதியை காப்பீடுதானே கட்டுது?" சரியான கேள்வி. காப்பீடே இல்லாதவங்களுக்கு இதில் பலன் இல்லைங்கறதும் உண்மை. ஆனா மருந்துக்கடை கவுண்டர்ல நிக்கிற பாட்டிக்கு, முழு டோஸ் வாங்க முடியுதாங்கறதுதான் முதல் பிரச்சனை.

10/ வாக்கர் விவாத மேடையில், சாப்பாடு சரியா இல்லைன்னா இன்சுலினால் பிரயோஜனம் இல்லைங்கற மாதிரி பேசினார். டைப் 2-க்கு உணவுக் கட்டுப்பாடு முக்கியம்தான், தினமும் ஓபில தொண்டை வத்தச் சொல்றோம். ஆனா டைப் 1 குழந்தை என்ன சாப்பிட்டாலும், சாப்பிடலைன்னாலும், இன்சுலின் இல்லாம உயிர் பிழைக்காது.

11/ "நெவாடாவோட 50 சீட் வந்தாச்சே, இனி இது எதுக்கு?"ன்னு 2022-ல் கேட்டாங்க. 50-ன்னா கமிட்டிகளில் சரிபாதி, எதுவும் இழுபறி. 51-ன்னா கமிட்டியிலும் பெரும்பான்மை. சொந்தக் கட்சியில் ஒருத்தர் முரண்டு பிடிச்சாலும் வண்டி ஓடும்.

12/ இன்னொண்ணு. கண்ணை மூடிட்டு ஜெயிக்கிற தொகுதிக்காரர் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்ல. நூலிழையில் ஜெயிச்சவர் அப்படியில்ல, எதையாவது செஞ்சு காட்டியே ஆகணும். 2021 ஜனவரியில் அப்படி ஜெயிச்சு வந்தவர், ஊருக்கு ஏதோ கொண்டுவந்திருக்கார். இப்படிப்பட்டவரைத் தோற்கடிச்சா, அடுத்து வர்றவங்களுக்கு நாம சொல்லித்தர்ற பாடம் என்ன?

13/ குடியுரிமை வாங்கின, ஏற்கனவே பதிவு செஞ்ச வாக்காளரா? 2022 நவம்பரில் போடலைன்னாலும் இரண்டாம் சுற்றில் போட முடிஞ்சது. முன்கூட்டிய வாக்குப்பதிவு 2022 டிசம்பர் 2 வெள்ளியோட முடிஞ்சது. ஃபோட்டோ ஐடி கட்டாயம். நம்ம ஊர்ல இருந்து யாரும் பணம் அனுப்பாதீங்க, வெளிநாட்டவர் தேர்தல் நன்கொடை அங்க சட்டப்படி குற்றம். ஒரு ஃபோன் போட்டு ஞாபகப்படுத்தினா போதும்.