சித்தார்த்தன் மகனும் என் மகனும்

ஹெர்மன் ஹெஸ்ஸேன்னு ஒரு ஜெர்மன் எழுத்தாளர் 1922-ல எழுதின கதை சித்தார்த்தன். தமிழ்ல திருலோக சீதாராம் மொழிபெயர்த்திருக்கார். தண்ணி கட்டுற நேரத்துல மோட்டார் ரூம்ல உக்காந்து படிச்சு முடிச்சேன். தலைப்பைப் பார்த்து புத்தர் கதைன்னுதான் எடுத்தேன். இவன் வேற சித்தார்த்தன். புத்தரை நேர்ல பார்த்தும், அவர்கூட சேராம தன் வழியில போறவன்.

படிச்சவங்க பேசுறதெல்லாம் அவன் காட்டுல பட்டினி கெடந்ததையும், கடைசியில ஆத்தங்கரையில ஓடம் ஓட்டி ஞானம் அடைஞ்சதையும்தான். எனக்கு அந்தக் கதையோட உசுரு வேற எடத்துல இருக்குன்னு தோணுது. அவனோட பதினோரு வயசு மகன் ஓடிப்போற எடம். கூடையில இருந்த சில்லறையை எடுத்துக்கிட்டு, ஓடத்தையும் ஓட்டிக்கிட்டு அக்கரைக்குப் போயிடறான். காட்டுல எத்தனை நாள் பட்டினி கெடந்தும் வராத பக்குவம், அந்த வலியிலதான் அவனுக்கு வருது. இது என் அபிப்பிராயம்.

அந்த எடத்தைப் படிச்சப்போ புஸ்தகத்தை மூடி வெச்சுட்டேன். ஏன்னா சில்லறையை எடுத்துட்டு ஓடினவன் நான். 1988-ல அரிசிப் பானைக்குள்ள எங்க ஐயன் வெச்சிருந்த பருத்தி வித்த காசு 300 ரூபாயை எடுத்துக்கிட்டு திருப்பூருக்கு பஸ் ஏறினேன். பனியன் கம்பெனியில கைமடி வேலை. மூணு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தப்போ ஐயன் கேட்டது ஒண்ணே ஒண்ணு, "சாப்டியா?" அந்த 300 ரூபாயைப் பத்தி சாகுற வரைக்கும் கேக்கல. நானும் சொல்லல.

போன வருஷம் என் மகன் கெளம்பிட்டான். காசு எடுக்கலை, சொல்லிட்டுத்தான் போனான். கெழக்கால இருக்கிற ஒண்ணரை ஏக்கரை வித்துக் குடுங்க, தொழில் பண்றேன்னான். முடியாதுன்னேன். வாய்ச்சண்டை. மறுநாள் கோயமுத்தூர்ல ஒரு கம்பெனியில சேர்ந்துட்டான். அவங்கம்மா சாப்பிடாம கெடக்கவே, கூட்டிட்டு வரலாம்னு கெளம்பி தாராபுரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். ரெண்டு பஸ் போச்சு. ஏற முடியல. ஏறிப் போய் என்னன்னு பேசுறது? கதையில சித்தார்த்தனும் மகனைத் தேடி ஊர் எல்லைத் தோட்டம் வரைக்கும் போய், உள்ள போகாம மண்ணுல உக்காந்துடறான். வாசுதேவன் வந்து தோளைத் தொட்டுக் கூட்டிட்டுப் போறார். எனக்கு டீக்கடைக்காரர்தான், "நீங்க ஏறலீங்களா?"ன்னு கேட்டார்.

அப்புறம் ஒரு நாள் சித்தார்த்தன் ஆத்துத் தண்ணியில தன் மொகத்தைப் பார்க்கிறான். அது அவங்கப்பா மொகமா தெரியுது. அவன் வீட்டை விட்டு வந்தவன், திரும்பிப் போய்ப் பார்த்ததே இல்ல. அந்த வகையில நான் குடுத்து வெச்சவன். ஐயன் கடைசி காலத்துல பக்கத்துல இருந்தேன்.

அந்த வாசுதேவன் கடைசியில எல்லாத்தையும் விட்டுட்டு காட்டுக்குள்ள போறது மட்டும் எனக்கு ஒப்பல. பக்குவப்பட்டவங்க காட்டுக்குப் போயிட்டா விடிகாலையில மாடு யாரு கறக்குறது?

மகன் ஞாயித்துக்கெழமை போன் பண்ணுவான். நெலத்தைப் பத்தி அவனும் பேசறதில்ல, நானும் பேசறதில்ல. போன வாரம், "கெணத்துல தண்ணி எவ்வளவுப்பா கெடக்குது?"ன்னு கேட்டான். மோட்டார் ரெண்டு மணி நேரம் ஓடுதுன்னு சொன்னேன். அப்புறம், சாப்டியான்னு கேட்டேன்.