முகவரி யார் கையில் இருக்கிறது?

சொந்த டொமைன் பெயரில் ஜிமெயிலை இலவசமாக வைத்துக்கொள்ளும் வசதியை 2006-ல் கூகுள் தொடங்கியது. 2012 டிசம்பரில் புதியவர்களுக்கு அந்தக் கதவைச் சாத்தியது. 2022 ஜனவரியில், உள்ளே இருந்தவர்களும் காசு கட்ட வேண்டும் என்றது. எதிர்ப்பு வலுத்த பிறகு, வணிக நோக்கமில்லாத சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் விலக்கு தந்தது. வணிக நிறுவனம் நடந்துகொள்ளும் விதம் அதுதான்; கூகுளை நொந்து பயனில்லை.

திறமூல மென்பொருள் குழுக்களின் கணக்கு வேறு. வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் எவ்வளவு பேசிக்கொண்டாலும், பாதுகாப்புக் குறையைக் கண்டுபிடித்தவர் ரகசியமாகத் தெரிவிக்க நினைத்தால் பெரும்பாலும் மின்னஞ்சல்தான் வழி. நன்கொடையாளரின் கேள்வியும் சர்வர் பில்லும் அதே பெட்டிக்குத்தான் வருகின்றன. ஆனால் பெரும்பாலான சேவைகள் ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வாங்குகின்றன. தன்னார்வலர்கள் வருவதும் போவதுமாக இருக்கும் இடத்தில் இந்தக் கணக்கு உதைக்கும். ஆறு மாதமாகத் தலைகாட்டாதவரின் பெட்டிக்கும் பணம் கட்டுவதா, அதை அழிப்பதா என்ற சங்கடம் எந்தக் கம்பெனிக்கும் வராது.

பெட்டிகளை எண்ணாமல் போகும், வரும் அஞ்சல்களின் அளவைப் பார்த்துக் கட்டணம் வாங்குவோரும் உண்டு. சுவிட்சர்லாந்தின் மிகாடு அப்படிப்பட்டது. அதன் சிறிய திட்டம் ஆண்டுக்கு 19 டாலர். சென்னையின் ஜோஹோ ஐந்து பேர் வரை இலவசம் என்கிறது. ஆனால் இலவசத் திட்டத்தில் தண்டர்பேர்ட் போன்ற செயலியை இணைக்க உதவும் ஐமேப் வசதி கிடையாது. இதைச் சின்னக் குறை என்று தள்ளிவிட முடியாது. லினக்ஸ் கெர்னலுக்கான நிரல் திருத்தங்கள் இன்றும் மின்னஞ்சலில்தான் போகின்றன. பிரவுசரில் திறக்கும் ஜிமெயில் டேப் இடைவெளிகளைத் தானாக மாற்றிவிடுவதால், திருத்தம் அனுப்ப அது ஆகாது என்று கெர்னலின் ஆவணமே சொல்கிறது.

அப்படியானால் சொந்த சர்வர்? போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் போன்ற அஞ்சல் சர்வர் மென்பொருள்கள் எல்லாம் திறமூலம்தானே என்ற கேள்வி உடனே எழும். நிறுவுவது கஷ்டமில்லை, அனுப்பிய கடிதத்தை எதிர்ப்பக்கம் ஏற்க வைப்பதுதான் பாடு. பல கிளவுட் நிறுவனங்கள் அஞ்சல் வெளியேறும் 25-ம் போர்ட்டையே அடைத்து வைத்திருக்கின்றன. அதைத் தாண்டினாலும், அந்த ஐபி முகவரியை முன்பு வைத்திருந்தவர் ஸ்பேம் அனுப்பியிருந்தால் பழி புதியவர் தலையில் விழும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும், மொத்தமாக அஞ்சல் அனுப்புவோருக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற அனுப்புநர் சரிபார்ப்பு முறைகள் மூன்றையும் கட்டாயமாக்கிவிட்டன. டெபியன் லினக்ஸ் திட்டத்துக்கு சர்வர்களைக் கவனிக்கவே தனி அணி உண்டு. பத்துப் பேர் குழுவில் அந்த வேலை தெரிந்தவர் ஒருவர். அவருக்குக் கல்யாணம் நிச்சயமானால் அஞ்சலும் விடுப்பில் போகும்.

ஆகவே காசு கொடுத்து வாங்குவதே மேல். அப்படிச் செய்தால் திறமூலக் கொள்கைக்குத் துரோகம் என்று சிலர் முறுக்கிக்கொள்கிறார்கள். அவர்கள் சோதிக்க வேண்டியது வெளியேறும் வழியை: டொமைன் குழுவுடையதா, பழைய கடிதங்களை ஐமேப் மூலம் முழுதாக எடுத்துப் போக முடியுமா? பிரான்ஸின் டொமைன் பதிவு நிறுவனமான காண்டி திறமூலக்காரர்களின் செல்லப்பிள்ளையாக இருந்தது. டொமைன் வாங்கினால் அஞ்சல் பெட்டியை இலவசமாகத் தந்தது. 2023-ல் வேறு நிறுவனத்தோடு இணைந்த கையோடு அந்த இலவசம் முடிந்தது. டொமைன் அவரவருடையது என்பதால், அஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றி வேறிடம் போக வழி இருந்தது.

டொமைன் விஷயத்தில் அசட்டை கூடாது என்பதை 2018 செப்டம்பரில் ஜோஹோவே பட்டுத் தெரிந்துகொண்டது. ஃபிஷிங் புகார்களைக் காரணம் காட்டி, அதன் டொமைனைப் பதிந்து வைத்திருந்த நிறுவனம் அதை முடக்கியது. ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் உதவி கேட்க வேண்டியதாயிற்று. பெரிய நிறுவனத்துக்கே இந்தப் பாடு என்றால், டொமைனை ஒரு கல்லூரி மாணவரின் சொந்தக் கணக்கிலும் அவருடைய கார்டிலும் ஓட்டிக்கொண்டிருக்கும் குழுக்கள் எந்தத் தைரியத்தில் தூங்குகின்றன? சேவைகளின் விலைப்பட்டியலை ஒப்பிடுவதற்கு முன், அந்தக் கணக்கைக் குழுவின் பேருக்கு மாற்றி, கடவுச்சொல்லை இன்னொருவரிடமும் கொடுத்து வைக்கலாம். ஒரு மாலை நேர வேலை.